பிரேக் அக்கா வாங்கிய காபி மிஷின்

பேருந்தின் குறுக்கே ஒரு நாய் வந்தது. ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் அக்கா பிரேக் போட்டுவிட்டார். வலது கால் விறைத்து, செருப்பு தரையை அழுத்தி, முழங்கால் முன்சீட்டின் முதுகில் இடித்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க, பழக்க தோஷம்" என்றார் அக்கா. நாய் பிழைத்துப் போயிற்று. அதில் தன் காலுக்கும் பாதிப் பங்கு உண்டு என்ற திருப்தி அக்கா முகத்தில் தெரிந்தது.

லிஃப்ட் மேல் தளத்தை நெருங்கும்போது அந்தக் கால் அழுத்தும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் பாப்கார்ன் ஆடும் அளவுக்கு அழுத்தும். தங்கையின் குழந்தை சோபாவிலிருந்து குதித்தால் எழுந்து ஓடிப் பிடிப்பதற்குப் பதில் இருந்த இடத்திலேயே தரையை மிதிப்பார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சம்பாதித்திருக்கிறார். தெருவில் அவருக்கு வைத்த பெயர் அதனால் வந்தது. அவர் பக்கத்து பிரேக்கின் ரப்பர்தான் எப்போதும் முதலில் தேயும். அதை மாற்றும் மெக்கானிக், "ஓட்டுறது அவங்களாக்கா, நீங்களா?" என்று கேட்பார். "ஓட்டுறது அவங்க. வீட்டுக்குத் திரும்பிப் போறது என்னால" என்பார் அக்கா.

குரல் கொஞ்சம் பெரிது. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அடுத்த கார் வரைக்கும் கேட்கும். ஆனால் ஒருவர் கார் வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டால் குரல் தானாகத் தணிந்துவிடும். அது அவருக்குப் புனிதமான விஷயம். முதலில் கேட்பவரின் காலைப் பார்ப்பார். பிறகு எங்கே நிறுத்துவார்கள், யாரை ஏற்றிக்கொண்டு போவார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்று வரிசையாக விசாரிப்பார். பாதிப் பேர் பெரிய வண்டிக் கனவோடு வந்து சின்ன வண்டியோடு போவார்கள். "உங்க ஆசைக்கு வாங்காதீங்க, உங்க காலுக்கு வாங்குங்க. ஆசை எங்கயும் போயிடாது, ரெண்டு வருஷம் கழிச்சும் அங்கேயேதான் நிக்கும்" என்பது அவர் வாய்ப்பாடு. இன்னொன்றும் உண்டு. ஓட்டப் போகிறவர் நேரில் வந்து உட்கார்ந்து பார்க்காத வண்டியை யாருக்கும் அவர் சிபாரிசு செய்ததில்லை.

அப்படிப்பட்டவர், ஒரு காபி மிஷின் வாங்க முடியாமல் சில மாதங்கள் திண்டாடினார்.

கதை அவருடைய வீட்டுக்காரரின் மணிக்கட்டில் ஆரம்பிக்கிறது. அவர் எலக்ட்ரீஷியன். தெருவில் கரண்ட் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கம்பத்திலும் கூரையிலும் நின்று வேலை செய்தவர், சொந்த வீட்டுச் சமையலறையில் பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்தார். "வெளிய விழுந்திருந்தாலாவது நாலு பேர் பார்த்திருப்பாங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். வலது மணிக்கட்டுக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை, திரும்பவும் இல்லை. பேனாவைப் பிடிக்கலாம், தட்டை ஏந்தலாம், எதையும் திருகத்தான் முடியாது. திருகாமல் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? தெரிந்த கடை ஒன்றில் உட்கார்ந்து ஒயரும் ஸ்விட்சும் விற்கத் தொடங்கினார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபிதான் அவரைச் சாய்த்தது.

அக்காவின் முதல் வகுப்பு விடிவதற்குள் தொடங்கிவிடும். சாலை காலியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் புதியவர்களுக்குத் தைரியம் வரும். கல்யாணமாகிச் சில மாதங்களில், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது இரண்டு வீட்டிலும் சிரித்தார்கள். பொம்பளைகிட்ட யார் வந்து கத்துக்குவா என்று மாமியார் கேட்டார். கரண்ட் அண்ணன் வாதாடவெல்லாம் இல்லை. மறுநாள் அக்காவுக்கு முன்பே எழுந்து காபி போட்டுக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து விழுந்த நாள் வரைக்கும் அந்தக் காபி தவறியதில்லை. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே குடுவை என்று திருகிப் பூட்டி அடுப்பில் வைக்கும் அலுமினியப் பாத்திரம் அது. கறுப்பாக, கெட்டியாக இறங்கும். பாலைத் தனியாகச் சுட வைத்து ஊற்றுவார். "காபி நல்லா இருக்குமாங்கறது ரெண்டாவது. எனக்காக ஒருத்தர் முன்னாடியே எழுந்திருச்சு அடுப்பு பத்த வச்சிருக்கார்னு நெனச்சுக்கிட்டே வண்டியை எடுப்பேன். எதிர்ல லாரி வந்தாக்கூட பயம் வராது" என்று அக்கா ஒருமுறை தங்கையிடம் சொன்னார். சொன்னபோது கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு முதல் காரியமாக அண்ணன் அந்தப் பாத்திரத்தைத்தான் எடுத்தார். இடது கையால் திருகினார், பலமில்லாத வலது கையால் பிடித்துக்கொண்டார். பூட்டு சரியாக விழவில்லை. அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் ஆவி சீறி, தூளும் தண்ணீருமாகச் சுவர் முழுக்கக் காபி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றார். "நீ இனிமே வெளியவே குடிச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்கா வெளியே குடித்தார். அதில் குறை ஒன்றும் இல்லை, பயிற்சிப் பள்ளிக்கு எதிரிலேயே நல்ல காபிக் கடை இருக்கிறது. ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு காலையில் எழுவதே இல்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் எழுவார். கண்ணெதிரே ஒரு மனிதர் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிக்கொண்டிருந்தார். அவரை மறுபடி அந்த அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு அவர் கைக்கு ஏற்ற ஏதோ ஒன்று வேண்டும் என்று அக்காவுக்குப் பட்டது. வெந்நீரைத் தூளின் வழியே அழுத்திக் கெட்டிக் காபி இறக்கும் எஸ்பிரசோ மிஷின் வாங்குவதென்று முடிவு செய்தது அப்போதுதான். அண்ணனுக்குப் பிடித்த கறுப்புக் காபி அதில்தான் வரும், அடுப்பும் வேண்டாம், கொதிக்கும் பாத்திரமும் வேண்டாம்.

தங்கை உடனே மூக்கை நுழைத்தார். தங்கை வீட்டில் ஒரு முழுத் தானியங்கி மிஷின் உண்டு. கொட்டையைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே அரைத்து, அதுவே அழுத்தி, அதுவே இறக்கி, கழிவையும் அதுவே தள்ளிவிடும். "மாமாவுக்கு இதைவிட வேற என்னக்கா வேணும்? ஒரு விரல் போதும்" என்று சொல்லி, பழகிப் பார்க்கச் சொல்லித் தன் மிஷினையே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். விரல் போதுமானதாகத்தான் இருந்தது. முதல் நாள் அண்ணன் எழுந்து பொத்தானை அழுத்தினார். அருமையான காபி. அக்கா வாயாரப் புகழ்ந்தார். இரண்டாம் நாளும் அழுத்தினார், இரண்டாம் நாளும் அருமையான காபி, இரண்டாம் நாளும் புகழ்ச்சி. மூன்றாம் நாள் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார்: "நீயே அழுத்திக்கோ. பொத்தானை அழுத்தறதுக்கு என்னை எதுக்கு எழுப்புற? மிஷின் போடுது, நீ என்னைப் பாராட்டுற. எனக்கு வெட்கமா இருக்கு."

அக்கா பொத்தானை அழுத்திக் குடித்தார். குடிக்கும்போதே அவருக்குப் புரிந்தது. இத்தனை வருடம் மாணவர்களிடம், திறமைக்கு மீறின வண்டியை வாங்காதே என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். ஓட்டுபவருக்கு வேலையே வைக்காத வண்டியும் அதே அளவுக்குக் கெடுதல் என்று சொல்ல அவருக்கு இதுவரை சந்தர்ப்பம் வந்ததில்லை. தங்கையின் மிஷின் அன்று மாலையே திரும்பிப் போயிற்று.

அதற்கு அடுத்த வாரம் முதல் காபி மிஷின் கடைக்காரருக்குச் சோதனைக் காலம். வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு, முழுக்கைச் சட்டையில் எப்போதும் ஒரு பால் துளி. காபி மிஷின் விற்கிறாரே ஒழிய காபி குடிக்க மாட்டார். "எனக்கு வயித்துப்புண்ணு மேடம். வாசனையோட சரி." யார் வந்தாலும் எந்த மிஷினையும் தொட்டுப் பார்க்க விடுவார். அக்கா வந்தார், வலது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், இடது கையால் ஒவ்வொன்றையும் இயக்கத் தொடங்கினார். முதல் மிஷின் எடை இல்லாதது. தூள் நிரப்பிய கைப்பிடியை அதன் வாயில் பொருத்தி ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்ட வேண்டும். அக்கா தள்ளினார், கைப்பிடியோடு மிஷினும் சேர்ந்து மேசையில் நகர்ந்தது. அடுத்தது நெம்புகோலைக் கீழே இழுத்து நம் பலத்தாலேயே காபியை இறக்கும் வகை. பார்க்க அழகு. இழுத்தபோது அக்காவின் உடம்பே அதோடு போயிற்று. மூன்றாவதில் தூள் தரையெல்லாம் கொட்டியது. கடைக்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இவருக்கு வலது கையில் ஏதோ அடி என்று நினைத்து, "வலிக்குதா மேடம்?" என்று பரிவோடு கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லங்க" என்று அக்கா அந்தக் கையாலேயே துடைப்பத்தை வாங்கிப் பெருக்கியதும் அவருக்குக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

இப்படி அக்கா நாலைந்து முறை வந்து போனார். கடைசியில் மேல் தட்டில் விலைச்சீட்டைத் திருப்பி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். பித்தளை மினுமினுப்பு, இரண்டு அழுத்தமானிகள், உள்ளேயே அரைக்கும் வசதி. கையில் இருந்த பணத்துக்கு அது எட்டாது. கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று அக்கா யோசித்தார். வீட்டுக்காரருக்குத் தான் பட்ட கடனுக்கு இது எந்த மூலைக்கு என்று அவருக்குத் தோன்றியது. இதே காரியத்தை ஒரு மாணவர் செய்திருந்தால் அக்கா காரை ஓரம் கட்டச் சொல்லி, இறக்கி நிறுத்தித் திட்டியிருப்பார்.

கடைக்காரர் திட்டவில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "மேடம், நீங்க இத்தனை நாளா அவர் கை மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கீங்க. நல்லாத்தான் நடிக்கிறீங்க. ஆனா அந்தக் கையையே கூட்டிட்டு வந்தா நடிக்க வேண்டியதில்லையே" என்றார்.

அக்கா மேல் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். ஓட்டப் போகிறவர் உட்கார்ந்து பார்க்காத வண்டியை வாங்கக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தானே மறந்திருந்தார். அண்ணன் மறுபடி தோற்பதைப் பார்க்கும் தைரியம் இல்லாமல்தான் மறந்தார் என்பதும் அவருக்கே தெரிந்தது. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பயிற்சிக் காரை நேராக வீட்டுக்கு விட்டார்.

அண்ணன் வர மறுத்தார், பிறகு வந்தார். வந்தவர் எந்த மிஷினின் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் ஒயரைப் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு மின்சாரம் இழுக்கும், சூடேற எவ்வளவு நேரம் ஆகும், பாகம் போனால் கிடைக்குமா என்று கேட்டார். மேல் தட்டுப் பித்தளைக்காரனை ஒரு பார்வை பார்த்து, "பளபளப்புக்கு எதுக்கு காசு?" என்று நகர்ந்துவிட்டார். நடுத் தட்டில் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், அலங்காரம் இல்லை, ஆனால் நல்ல கனம். இடது கையால் கைப்பிடியைத் தள்ளிப் பூட்டினார். மிஷின் அசையவில்லை. பால் நுரைக்கும் ஆவிக்குழாயைத் திறக்க மற்ற மிஷின்களில் திருகும் குமிழ் இருந்தது. இதில் மேலும் கீழுமாகத் தட்டுகிற ஸ்விட்ச். அண்ணன் அதைப் பார்த்ததும், சுவரில் காபி சிதறிய நாளுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தார். "இது நம்மாளு" என்றார்.

தூளைச் சமமாக அழுத்துவதுதான் பாக்கி. அதற்கென்று ஒரு உலோகக் குமிழ் உண்டு. அண்ணன் இடது கையால் முயன்றார், கோணலாகப் போயிற்று. மறுபடி கோணல். அக்காவின் வலது கால் கடையின் தரையை மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு ஏதோ தோன்றி, அண்ணன் குமிழை வலது உள்ளங்கையில் வைத்து, முழங்கையை உயர்த்தி, உடம்பின் எடையை அதன்மேல் இறக்கினார். கடைக்காரர் குனிந்து பார்த்தார். தூள் தட்டையாக, வழவழவென்று கிடந்தது.

"சார், இதுக்குத்தான் ஆளுங்க மாசக்கணக்கா பழகுவாங்க. மணிக்கட்டு லேசா வளைஞ்சாலும் தூள் ஒரு பக்கம் சரிஞ்சுடும். தண்ணி அந்தப் பக்கமாவே ஓடி காபி கெட்டுப்போகும். வளைக்காதீங்க வளைக்காதீங்கன்னு கத்துவேன். உங்களுக்கு வளையவே மாட்டேங்குது."

அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் இந்தக் கையை ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நினைச்சிருப்பார். அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுக்கணும்" என்றார். அக்கா கண்ணாடி அலமாரி பக்கம் திரும்பி, அங்கே இருந்த கோப்பைகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். கோப்பை வாங்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை.

அரைக்கும் மிஷின் இப்போது வேண்டாம், நானே கொட்டையை அரைத்துத் தருகிறேன், கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். பழகுபவர்களுக்கென்று ஒரு வடிகட்டியையும் போட்டுக் கொடுத்தார். தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளுமாம். "அப்ப இது எல் போர்டு" என்றார் அக்கா. எல்லாம் சேர்த்துக் கையில் இருந்ததற்குள் அடங்கியது. மறுநாள் அண்ணன், பயிற்சிக் காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய சிவப்பு எல் பலகையைத் தேடி எடுத்து மிஷினின் தலையில் சாய்த்து வைத்தார்.

இப்போது அந்த வீட்டில் விடிவதற்கு முன் விளக்கெரிகிறது. முதல் சில நாட்கள் வந்த காபி ஒரு நாள் புளித்தது, ஒரு நாள் கருகியது, ஒரு நாள் கழுநீராக இருந்தது. அக்கா ஒன்றைக்கூடக் கொட்டவில்லை. நல்லாயிருக்கு என்று பொய்யும் சொல்லவில்லை. "இன்னைக்குப் புளிக்குது. நேத்திக்கு இதைவிடப் புளிச்சுது" என்பார். அண்ணனுக்கு அது போதுமானதாக இருக்கிறது. தூளின் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார், முணுமுணுத்துக்கொள்கிறார். கறுப்புக் காபி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பால்தான் இன்னும் தகராறு. இடது கையில் பால் குவளையைப் பிடித்து, வலது கையின் பக்கவாட்டால் ஸ்விட்சைத் தட்ட வேண்டும். ஆவி சீறும், பால் சுழன்று மேலே ஏறும், பொங்குவதற்கு முந்தைய நொடியில் மறுபடி தட்ட வேண்டும்.

பின்னால், சமையலறை மேசையருகே நாற்காலியில் அக்கா. ஆவி சீறும்போதெல்லாம் அவருடைய வீட்டுச் செருப்பு தரையில் தேயும் சத்தம் கேட்கும். அது கேட்டதும் அண்ணனின் தோள் இறுகும், கை அவசரப்படும், பால் வழியும். இது தினமும் நடந்தது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அக்காவின் முதல் மாணவர் அண்ணன்தான். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரிடம் இன்றுவரை கற்றுக்கொள்ளாத ஒரே ஆளும் அவரேதான். பக்கத்து இருக்கையில் அக்கா நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக்கை மிதிக்க மிதிக்க, அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. போன வாரம், வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே எடுத்தார்.

"வாத்தியாரம்மா, உன் கால் சத்தம் கேட்டா என் கை தன்னால அவசரப்படுது. அன்னைக்கு வண்டியை நிறுத்திட்டு இறங்கிப் போயிட்டேன். இங்கேருந்து இறங்கி எங்க போவேன், சொல்லு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று அக்காவுக்கு வகுப்பில் மனம் ஓடவில்லை. பழகுபவர் தடுமாறினால் காப்பாற்றத்தான் அந்தக் கால் இருக்கிறது. அந்தக் கால் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் தடுமாறுகிறார் என்றால் என்ன செய்வது? தனக்காக எழுந்திருக்க ஆரம்பித்த மனிதர் மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாரோ என்ற நினைப்பு அவரை விடவில்லை.

இன்று காலை. வெளியே இன்னும் இருட்டு. எல் பலகைக்குக் கீழே சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. கறுப்புக் காபி இறங்கியாயிற்று, தேன் போல நிதானமாக. அண்ணன் பால் குவளையை இடது கையில் ஏந்தி, ஆவிக்குழாயை அதற்குள் நுழைத்து, வலது கையின் பக்கவாட்டை ஸ்விட்சின் அருகே கொண்டுபோகிறார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது பின்னால்தான் இருக்கிறது. ஒரு கணம் காத்திருக்கிறார். தட்டுகிறார். ஆவி சீறுகிறது. பால் சுழல்கிறது, குவளையின் விளிம்பை நோக்கி ஏறுகிறது.

பிரேக் அக்கா காலில் இருந்த இரண்டு செருப்புகளையும் சத்தமில்லாமல் கழற்றி விட்டு, இரண்டு கால்களையும் நாற்காலியின் மேல் தூக்கி மடக்கி, வலது பாதத்தை இடது தொடைக்கு அடியில் செருகி, சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.